பதிவெண்ணைத் தட்டினால் தெரியாதவை

கார் வாங்கி ஆறு மாதம் வரை 5 விழுக்காடு, ஓராண்டு வரை 15, இரண்டாண்டு வரை 20, பிறகு 30, 40, ஐந்தாம் ஆண்டில் 50. காப்பீட்டுப் பத்திரத்தில் வாகனத்தின் மதிப்பைக் கழிக்கப் பின்பற்றப்பட்டுவரும் வாய்ப்பாடு இது. ஐந்தாண்டைத் தாண்டினால் காப்பீட்டு நிறுவனமும் உரிமையாளரும் பேசி முடிவுசெய்துகொள்ள வேண்டியதுதான். சந்தை இந்த வாய்ப்பாட்டைப் பெரிதாக மதிப்பதில்லை. ஒரே ஷோரூமிலிருந்து ஒரே மாதத்தில் வெளியே வந்த இரண்டு கார்கள், ஏழாம் ஆண்டில் லட்ச ரூபாய் வித்தியாசத்தில் கைமாறுகின்றன.

சில காரணங்கள் ஊரறிந்தவை. மாருதிக்கு எந்தச் சிற்றூரிலும் மெக்கானிக் உண்டு; அதனால் விலை நிற்கிறது. 2021 செப்டம்பரில் ஃபோர்டு இந்தியாவில் உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்தது. உதிரிபாகமும் சர்வீஸும் தொடரும் என்று நிறுவனம் சொல்லியும், மறைமலைநகரில் தயாரான நல்ல கார்களுக்குக்கூட மவுசு குறைந்தது. 2025 செப்டம்பர் 22 முதல் சிறிய கார்களின் ஜிஎஸ்டி 18 விழுக்காடாகக் குறைந்ததும் பழைய கார்களின் விலையும் இறங்கவேண்டியதாயிற்று. இவையெல்லாம் விற்பவருக்கும் வாங்குபவருக்கும் ஒன்றுபோலத் தெரிந்த சங்கதிகள். இதில் யாரும் ஏமாறுவதில்லை.

விற்பவருக்கு மட்டுமே தெரிந்தவைதான் என் கவலை.

2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் வேளச்சேரி, பள்ளிக்கரணை, முடிச்சூர்ப் பகுதிகளில் கார்கள் தண்ணீரில் மூழ்கின. பழுதுபார்க்கும் செலவு காப்பீட்டு மதிப்பில் 75 விழுக்காட்டைத் தாண்டினால் அது முழு இழப்பு. நிறுவனம் பணத்தைக் கொடுத்துவிடும். வண்டி கழிவு விலைக்குப் போகும். ஆனால், அங்கேயே அதன் கதை முடிவதில்லை. வாங்கியவர் கழுவிக் காயவைத்து, சீட் உறை மாற்றி, வயரிங்கை ஒட்டுப்போட்டு விற்பனைக்கு நிறுத்தலாம். ஓடவே முடியாமல் அழிந்த வாகனத்தைப் பற்றி 14 நாளில் தெரிவிக்க வேண்டும் என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 55ஆம் பிரிவு சொல்கிறது. சரிசெய்தால் ஓடும் வண்டி அந்த வரையறைக்குள் வராது. ஆர்.சி. புத்தகம் மாசில்லாமல் இருக்கும். சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துச் சேற்றுக்கறை தேடுவதும், கார்ப்பெட்டைத் தூக்கித் துரு பார்ப்பதும்தான் வாங்குபவருக்கு இருக்கும் வழி. பெல்ட்டையும் மாற்றியிருந்தால் அதுவும் இல்லை.

அடுத்தது மீட்டர். ‘சிங்கிள் ஓனர், டாக்டர் ஓட்டிய வண்டி, நாற்பதாயிரம்தான் ஓடியிருக்கு’ என்ற பேச்சைக் கேட்காமல் யாரும் பழைய கார் வாங்கியிருக்க முடியாது. டாக்சிக்கும் லாரிக்கும் குறித்த காலத்தில் எஃப்.சி. உண்டு. சொந்தக் காருக்கோ பதினைந்து ஆண்டு முடியும்வரை அப்படி ஒரு பரிசோதனையே கிடையாது. இடையில் யாராவது மீட்டரைத் திருப்பினால், பழைய எண்ணைக் காட்ட அரசிடம் ஏடு இல்லை. அரசின் ‘வாகன்’ தளத்தில் பதிவெண்ணைத் தட்டினால் எத்தனையாவது உரிமையாளர், காப்பீடு எதுவரை என்று தெரியும். விபத்தும் வெள்ளமும் ஓட்டமும் தெரியாது.

தெரியாதபோது வாங்குபவர் என்ன செய்வார்? எல்லா வண்டியிலும் ஏதோ கோளாறு இருக்கும் என்று வைத்துக்கொண்டு விலையைக் குறைப்பார். பொருளாதார அறிஞர் ஜார்ஜ் ஏகர்லாஃப் 1970இல் பழைய கார் சந்தையை வைத்தே இதை விளக்கினார். 2001இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். நல்ல வண்டி வைத்திருப்பவருக்கு அந்த விலை கட்டாது. மச்சானுக்கோ தம்பிக்கோ கொடுத்துவிட்டு ஒதுங்குவார். சந்தையில் மிஞ்சுவது பெரும்பாலும் மற்ற வண்டிகள். ஆயில் மாற்றிய ரசீதைக்கூடப் பத்திரப்படுத்தியவரும், சீட்டுப் பணத்தில் முதல் கார் வாங்கும் குடும்பமும்தான் இதில் நஷ்டப்படுகிறார்கள். எனக்கு இது பெரிய அநியாயமாகப் படுகிறது.

பிரிட்டனில் பொதுவாக மூன்று ஆண்டு கடந்த காருக்கு ஆண்டுதோறும் பரிசோதனை. ஒவ்வொரு முறையும் ஓடிய தூரம் பதிவாகிறது. பதிவெண் தெரிந்த எவரும் அரசுத் தளத்தில் காசில்லாமல் பார்க்கலாம். நமக்குப் புதிய அலுவலகம் ஏதும் தேவையில்லை. காப்பீடு புதுப்பிப்பு, புகைச் சான்று, பெயர் மாற்றம் எல்லாம் எப்படியும் நடக்கின்றன. அப்போதே மீட்டர் எண்ணைக் குறித்துவிடலாம். இழப்பீட்டு விவரம் காப்பீட்டு நிறுவனங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. உரிமையாளர் பெயரோ தொகையோ வெளியே வரவேண்டாம். எந்த ஆண்டு, விபத்தா வெள்ளமா, 75 விழுக்காட்டைத் தாண்டியதா என்ற மூன்று வரிகளைப் பதிவெண்ணோடு சேர்த்துக் காட்டினால் போதும்.