அறுவைக்கு முன் ஒன்பது வாரம்

“கட்டியை உடம்புல வெச்சுக்கிட்டு ஊசி எதுக்கு? மொதல்ல வெட்டி எடுக்கச் சொல்லு.”

தம்பிக்கு நுரையீரல் புற்றுநோய், மூன்றாம் நிலை என்று தெரிந்த அன்று அம்மா சொன்னது. முப்பது வருடம் பள்ளியில் உயிரியல் நடத்திய எனக்கும் அதுவே சரியென்று பட்டது. முதலில் பார்த்த மருத்துவமனையில் அடுத்த வாரமே அறுவைக்கு நாள் குறித்தார்கள். முன்பணமும் கட்டிவிட்டோம். வேறு வழி உண்டு என்று அங்கே ஒருவரும் சொல்லவில்லை.

இன்னொரு இடத்தில் கேட்டுப் பார்ப்போம் என்று தம்பி மனைவிதான் பிடிவாதமாக நின்றாள். அங்கிருந்த புற்றுநோய் மருத்துவர் காகிதத்தில் படம் போட்டுக் காட்டினார். நம் வெள்ளணுக்களில் பிடி-1 என்றொரு கடிவாளம் இருக்கிறது. ஜப்பானில் தசுக்கு ஹோன்ஜோ குழு 1992இல் கண்டறிந்தது. புற்றணு அந்தக் கடிவாளத்தை இழுத்து வெள்ளணுவை நிறுத்திவிடும். நிவோலுமாப் போன்ற மருந்து அந்தப் பிடியைத் தளர்த்தும். அறுவைக்குப் பிறகு போட்டாலும் பலன் உண்டு. ஆனால் கட்டி உள்ளே இருக்கும்போதே போட்டால், வெள்ளணுக்கள் அதைப் பார்த்தே எதிரியை அடையாளம் காணப் பழகுகின்றன. கண்ணுக்குத் தெரியாமல் சிதறிய துணுக்குகளையும் தேடிப் போகின்றன.

2022இல் வெளியான ‘செக்மேட் 816’ ஆய்வில், அறுவைக்கு முன் ஒன்பது வாரத்தில் கீமோவோடு இந்த ஊசியை மூன்று தவணை பெற்றவர்களில் 24 சதவீதம் பேருக்கு, வெட்டியெடுத்த திசுவில் உயிருள்ள புற்றணுவே இல்லை. கீமோ மட்டும் பெற்றவர்களில் 2 சதவீதம்தான். பின்னர் வந்த கணக்கில், ஐந்தாண்டு கழித்து உயிரோடிருந்தவர்கள் ஊசி பெற்றவர்களில் 65 சதவீதம், மற்றவர்களில் 55. காத்திருந்தால் அறுவையே நடக்காமல் போகுமோ என்று அம்மா பயந்தார். அந்த ஆய்வில் அறுவை வரை போனவர்கள் ஊசி பெற்றவர்களில்தான் அதிகம்: 83 சதவீதம், மற்றவர்களில் 75.

எல்லோருக்கும் இது பொருந்தாது. இஜிஎஃப்ஆர் மரபணு மாற்றம் உள்ள கட்டிக்கு இந்த ஊசி பெரிதாக உதவாது. அதற்கு மாத்திரை இருக்கிறது. நம் நாட்டில் அந்த வகை மேலைநாடுகளைவிட அதிகம். ஆகவே பயாப்சி திசுவில் மரபணுச் சோதனை முடியாமல் ஊசியும் போடக்கூடாது, கத்தியும் வைக்கக்கூடாது என்பேன்.

தம்பிக்கு முதலில் ஊசி, பிறகே அறுவை என்று முடிவானது. செலவுக்கு வயலை விற்றோம். வயல் இல்லாதவர் என்ன செய்வார்? தலை, கழுத்துப் புற்றுநோய் முற்றியவர்களுக்கு வாய்வழி மருந்துகளோடு வெறும் 20 மில்லிகிராம் நிவோலுமாப் சேர்த்துக் கொடுத்தே ஆயுள் கூடுவதை மும்பை டாடா நினைவு மருத்துவமனை காட்டியது. நுரையீரல் அறுவைக்கு முன்பும் குறைந்த அளவு போதுமா என்று அரசுப் பணத்திலேயே சோதிக்க வேண்டும். மருந்துக் கம்பெனிகள் அதைச் செய்யப்போவதில்லை.

அறுவைக்குப் பின் வந்த திசு அறிக்கையின்படி, தம்பியின் கட்டியில் உயிரோடு மிஞ்சியது பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. அந்த அறிக்கையை அம்மாவுக்கு மூன்று முறை வாசித்துக் காட்டினேன்.

நுரையீரலில் கட்டி என்று சொல்லி அறுவைக்கு நாள் குறித்தால், முன்பணம் கட்டும் முன் ஒன்றே ஒன்று கேளுங்கள்: “புற்றுநோய்க்கு மருந்து கொடுக்கும் மருத்துவர் இந்த ஸ்கேனைப் பார்த்துவிட்டாரா?”