பேயைக் காட்டாத தயாரிப்பாளர்

தயாரிப்பாளர் என்றால் பெட்டியைத் திறந்து பணம் எடுத்துக் கொடுப்பவர் என்றே பலரும் நினைக்கிறோம். வால் லூட்டன் கைக்காசு போட்டவரில்லை. ஹாலிவுட்டின் ஆர்.கே.ஓ. ஸ்டுடியோவில் சம்பளத்துக்கு இருந்தவர். 1904இல் யால்டாவில் பிறந்து, சிறுவயதில் அமெரிக்கா போய், தயாரிப்பாளர் டேவிட் செல்ஸ்னிக்கிடம் கதை இலாகாவில் வேலை பார்த்தவர்.

ஆர்சன் வெல்ஸ் எடுத்த ‘சிட்டிசன் கேன்’ படம் ஆர்.கே.ஓ.வின் கையைக் கடித்திருந்த நேரம். மலிவாகப் பேய்ப் படம் எடுக்க 1942இல் ஒரு பிரிவைத் தொடங்கி, லூட்டனைத் தலைவராக்கினார்கள். செலவு ஒன்றரை லட்சம் டாலரைத் தாண்டக்கூடாது, நீளம் 75 நிமிடத்துக்குள், தலைப்பை மேலிடம் தரும். முதலில் வந்த தலைப்பு ‘கேட் பீப்பிள்’, அதாவது பூனை மனிதர்கள்.

பூனை வேஷம் கட்டிய ஆளைத் திரையில் நிறுத்தினால் ஜனங்கள் சிரிப்பார்கள். லூட்டனும் இயக்குநர் ஜாக் டூர்னரும் வேறு வழி பிடித்தார்கள். இரவு, பூங்காவின் மதிலோரம் ஒருத்தி நடக்கிறாள். பின்னால் இன்னொருத்தியின் குதிகால் செருப்புச் சத்தம். திடீரென்று அந்தச் சத்தம் நின்றுவிடுகிறது. முன்னால் போகிறவள் திரும்பிப் பார்க்கிறாள், யாருமில்லை. ஓடத் தொடங்குகிறாள். சீறிக்கொண்டு பாய்கிறது... ஒரு பஸ்! பிரேக் போட்ட காற்றுச் சத்தம்தான் அது. மிருகம் வரவே இல்லை. இன்று திகில் படங்களில் நம்மைத் துள்ள வைக்கும் அத்தனை வித்தைக்கும் அந்த பஸ்தான் பாட்டன். சிக்கனம் செட்டிலும் உண்டு: நாயகி குடியிருக்கும் வீட்டின் மாடிப்படிகூட வெல்ஸின் வேறொரு படத்துக்குப் போட்ட பழைய செட்.

படம் வசூலை அள்ளியது. 1946க்குள் மொத்தம் ஒன்பது திகில் படங்கள். ‘கேட் பீப்பிள்’ இரண்டாம் பாகம் கேட்டார்கள். தலைப்பை வைத்துக்கொண்டு, தனிமையில் வாடும் ஒரு சிறுமியின் கதையைக் கொடுத்தார் மனுஷன்! பிற்பாடு ‘சவுண்ட் ஆஃப் மியூசிக்’ எடுத்த ராபர்ட் வைஸுக்கு இயக்குநராக முதல் வாய்ப்பு அந்தப் படத்தில்தான். திரைக்கதைகளைக் கடைசியாகத் திருத்தி எழுதுவது லூட்டன். ஆனால் எழுத்தாளர் வரிசையில் பெயர் போட்டுக்கொள்ள மாட்டார். இரண்டு படங்களில் மட்டும் போட்டார், அதுவும் கார்லோஸ் கீத் என்ற புனைபெயரில்.

1951இல் மாரடைப்பால் போய்ச் சேர்ந்தபோது வயது 46.

பட்ஜெட் இல்லை என்று புலம்பும் தம்பிகள் ‘கேட் பீப்பிள்’ படத்தை ஒருமுறை பார்த்துவிடுங்கள். 73 நிமிடம்தான்.