பிளேட்டைக் கழட்டினா அம்பாசிடர் பறக்குமா?

மக்களே, நம்ம மதுரைப் பக்கம் பழைய அம்பாசிடர் வச்சிருக்கிற பசங்ககிட்ட ஒரு நம்பிக்கை சுத்திக்கிட்டு இருக்கு. ஸ்பிரிங் பட்டறைக்குப் போய் பின்னாடி கட்டுல ரெண்டு பிளேட்டை உருவிட்டா வண்டி நல்லா உக்காந்துக்குமாம். உக்காந்தா டயர் ரோட்டைக் கடிச்சுக்குமாம். டிராக் ரேஸ்ல அம்பு மாதிரி கிளம்புமாம். அடங்கப்பா!

கணக்கைப் பாருங்க. வண்டி 1150 கிலோ, முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் நடுவுல 2.46 மீட்டர், ஈர்ப்பு மையம் தரையிலிருந்து 60 செ.மீ.ன்னு வைப்போம். 0.4 ஜி முடுக்கத்துல கிளம்பினா பின்சக்கரத்துக்கு மாறுற எடை 1150 × 0.4 × 0.6 ÷ 2.46, அதாவது 112 கிலோ சொச்சம். இதுல ஸ்பிரிங் எங்கயாவது வருதா? உயரம்தான் வருது. பின்பக்கத்தை இறக்கினா உயரம் குறையும், மாறுற எடையும் குறையும். வண்டி சாயுறதால சில கிலோ பின்னாடி வரும், உண்மைதான். ரெண்டையும் கழிச்சுப் பார்த்தா கையில ஒண்ணும் நிக்காது.

நஷ்டம் மட்டும் நிக்கும். அம்பாசிடர்ல ஆக்ஸிலைத் தாங்குறது, இழுத்துப் பிடிக்கிறது, சுத்த விடாம தடுக்கிறது எல்லாமே அந்த லீஃப் ஸ்பிரிங்தான். கிளச்சை விட்டதும் சக்கரம் முன்னாடி சுத்தும், ஆக்ஸில் ஹவுசிங் எதிர்ப்பக்கம் சுத்தப் பார்க்கும், அதோட மூக்கு மேல தூக்கும். ஸ்பிரிங் பாம்பு மாதிரி நெளியும். டயர் வழுக்கினதும் பட்டுனு நிமிரும், மறுபடி நெளியும். பின்னாடி 'தடதடதட'ன்னு கேக்குதே, அதுதான் இது. பிளேட் குறைய குறைய நெளிவு ஜாஸ்தி. ஒரிஜினல் எஞ்சின்ல பெருசா தெரியாது. பெரிய எஞ்சின் மாத்தின வண்டியில யுனிவர்சல் ஜாயின்ட்டே உடையும். புரொப்பலர் ஷாஃப்ட்டோட முன்முனை கழண்டு ரோட்டுல குத்தினா வண்டியையே தூக்கிப் போட்டுரும். வேகமான டிராக் வண்டிகளுக்கு ஷாஃப்டைச் சுத்தி இரும்பு வளையம் கட்டாயம்னு விதி வச்சது சும்மாவா?

1960கள்ல கிரைஸ்லர்காரன் டிராக் ரேஸுக்குன்னே லீஃப் ஸ்பிரிங் செஞ்சான். பிளேட்டை உருவலை. ஆக்ஸிலுக்கு முன்னாடி இருக்கிற பாதியைக் குட்டையா, விறைப்பா ஆக்கினான். நாமளும் செய்யலாம். முதல்ல தேஞ்ச புஷ், யூ போல்ட், ஒழுகுற ஷாக் அப்சர்பர் எல்லாத்தையும் மாத்துங்க. முன்பாதி பிளேட்டுகளைக் கிளாம்ப் போட்டு இறுக்குங்க. அப்புறம் ஸ்பிரிங்குக்கு அடியில ஒரு டிராக்‌ஷன் பார், அதோட முன்முனையில ரப்பர் கட்டை. ஹவுசிங் சுத்தப் பார்த்தா ரப்பர் போய் ஸ்பிரிங் கண்ணுக்கு அடியில முட்டி நிறுத்திரும். 1965ல வந்த ஷெல்பி ஜிடி350லயே டிராக்‌ஷன் பார் உண்டு, அமைப்புதான் கொஞ்சம் வேற.

(மாருதி 800 வச்சிருக்கிற தம்பிகளா, உங்களுது முன்சக்கரம் இழுக்குற வண்டி. பின்னாடி எடை போறதே உங்களுக்கு நஷ்டம். நீங்க ஏன்யா பின்பக்கத்தை இறக்குறீங்க? :))

எனக்குக் கோவம் வர்றது வேற இடத்துல. பிளேட் உருவின அதே வண்டியில ஞாயித்துக்கிழமை அப்பா, அம்மா, அத்தை எல்லாரையும் ஏத்திக்கிட்டு அழகர்கோயில் போறாங்க. அஞ்சு பேரோட பாரம், பாதி ஸ்பிரிங். ராத்திரி ரிங் ரோட்டுல ரேஸ் வேற. 2019 திருத்தத்துக்கு அப்புறம் பொது ரோட்டுல ரேஸ் விட்டா முதல் தடவையே மூணு மாசம் வரை ஜெயில், இல்லை 5000 ரூபாய் வரை அபராதம், இல்லை ரெண்டும். அதே ரோட்டுல லைட் இல்லாத மாட்டுவண்டியும் வரும், பால்காரர் சைக்கிளும் வரும். ஓட்டணும்னா இருங்காட்டுக்கோட்டையில 1990லேர்ந்து ட்ராக் இருக்கு. நம்ம ஊர்லேர்ந்து நானூத்தி சொச்சம் கிலோமீட்டர்தான். உருவின பிளேட்டை மாட்டிட்டுக் கிளம்புங்க.