கரையாததை ஏன் கரைக்கிறோம்?

கொஞ்சம் நீளமான பதிவு. முழுசா படிச்சிட்டு அப்புறம் திட்டுங்க.

போன ஞாயிறு கோயிலுக்குப் பின்னால் ஓடும் ஓடையில் கோத்தோங் ரோயோங் வைத்தோம். "ஏன் படம் போடல?" என்று பலர் கேட்டீர்கள். அந்தப் பைகளைப் பிரித்துப் படம் போட்டால் ஊரே நம்மைப் பார்த்துச் சிரிக்கும். அதனால்தான் போடவில்லை.

தண்ணி போத்தல், தப்பாவ் பெட்டி எல்லாம் இருந்தது, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் கோயில் படிக்கட்டை ஒட்டின கரையில் நாங்கள் பொறுக்கினதில் பாதிக்கு மேல் பூஜை சாமான். அழுகின மாலை, அதைக் கட்டின நைலான் நூல், ஜிகினா, அகல் விளக்கு, நல்லெண்ணெய் போத்தல், தேங்காய் மூடி, சாமிக்குச் சாத்தின துணி, அஸ்தி கொண்டுவந்த பிளாஸ்டிக் பை. கண்ணாடி போட்ட லட்சுமி படம் ஒன்று முகம் குப்புற சேற்றில் கிடந்தது. அதை எடுக்கப் போன காலேஜ் பையனுக்குக் கையுறையையும் கிழித்துக்கொண்டு உள்ளங்கையில் வெட்டு. கிளினிக்குக் கூட்டிப் போய் ஊசி போட்டோம்.

பசார் மாலாம் வியாபாரியா லட்சுமி படத்தைக் கொண்டுவந்து போட்டிருப்பார்? பேக்டரிக்காரனா அகல் விளக்கை வீசியிருப்பான்?

கேட்டால் ஒரே பதில்தான். "சாமி சாமானைக் குப்பையில போடக் கூடாது தம்பி, ஆத்துல விடறதுதான் சாங்கியம்." சரி, சாங்கியத்தையே பேசுவோம். நம்ம முன்னோர் ஆற்றில் விட்ட மாலை வாழைநாரில் கட்டினது. கரைத்த பிள்ளையார் வெறும் களிமண். மண் மண்ணோடு போனது, பூவை மீன் தின்றது. கரைப்பது என்ற சொல்லுக்கே அதுதான் அர்த்தம். நைலான் எப்போ கரையும்? கண்ணாடி எப்போ கரையும்? லேமினேட் செய்த சாமி படம் எந்த ஆற்றில் கரைந்து யார் பார்த்தது? குப்பைத் தொட்டியில் போட்டால் பாவம் என்று பயப்படுகிற அதே கை, சாக்கடை கலக்கிற தண்ணியில் தூக்கி எறிந்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போவது எப்படி மரியாதை ஆகும்?

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். கரையில் கிடக்கும் ஒவ்வொரு தேங்காய் மூடியும் ஒவ்வொரு அகல் விளக்கும் மழை பெய்தால் ஒரு குட்டித் தொட்டி. ஏடிஸ் கொசுவுக்குப் பெரிய குளம் தேவையில்லை, இது போதும். ஒரு வாரம், பத்து நாளில் முட்டை கொசுவாகிவிடும். அந்தக் கொசு கடிக்கப் போவது யாரை? பக்கத்துத் தாமானில் இருக்கும் நம்ம பிள்ளைகளையும், மண்டபத்தில் தேவாரம் படிக்க வரும் பிள்ளைகளையும்தான். டிங்கி வந்தால் அர்ச்சனை சீட்டு எடுத்துக்கொண்டு அதே சாமியிடம்தான் வந்து நிற்கிறோம்.

இந்தத் தண்ணி எங்கே போகிறது என்றும் யோசித்துப் பாருங்கள். நம்ம ஓடை விழுவது சுங்கை பத்துவில். தைப்பூசத்தன்று பத்துமலையில் காவடி எடுக்கிறவர்கள் முழுக்குப் போட்டுவிட்டுப் படியேறுகிறார்களே, அதே ஆறு. அது கோம்பாக்கில் சேர்ந்து, மஸ்ஜிட் ஜாமெக் பக்கத்தில் கிள்ளான் ஆற்றோடு கலந்து, போர்ட் கிள்ளான் வழியாகக் கடலுக்குப் போகிறது. கிள்ளான் ஆற்றில் மிதக்கும் குப்பையைப் பிடிக்க 2019-இல் டச்சுக்காரர்கள் செய்த இன்டர்செப்டர் மிஷினைக் கொண்டுவந்து வைத்தார்கள். எங்கிருந்தோ வந்தவன் மிஷின் போட்டுப் பிடிக்கிற குப்பையில் நம்ம சாமி மாலையும் இருக்கிறது.

"எல்லாரும்தான் போடறாங்க, நம்மள மட்டும் ஏன் சொல்றீங்க?" இதுவும் கேட்டுக் கேட்டுச் சலித்த கேள்வி. பேக்டரி விடும் கழிவு நம்ம மாலையைவிடப் பெரிய கேடு, ஒத்துக்கொள்கிறோம். அதற்குப் புகார் கொடுங்கள், நாங்களும் கூட வருகிறோம். ஆனால் ஆற்றைக் கும்பிடுகிறவர்கள் நாம்தானே? கங்கா தேவி என்று சொல்லிச் சொம்பில் மொண்டு தலையில் தெளித்துக் கொள்வது நாம்தானே? தாய் என்று கூப்பிடாதவன் செய்வதும், கூப்பிட்டுக்கொண்டே செய்வதும் ஒன்றா? 2021 டிசம்பரில் தாமான் ஸ்ரீ மூடாவில் சனங்கள் கூரை மேல் ஏறி நின்றதை மறந்திருக்க மாட்டோம். அது பெருமழையால் வந்த வெள்ளம், மாலையால் வந்தது என்று நாங்கள் சொல்ல வரவில்லை. ஆனால் அடைத்துக் கிடக்கிற லோங்காங்கில் சின்ன மழைத் தண்ணிகூட வடியாது என்பது தாமானில் குடியிருக்கிற எல்லாருக்கும் தெரியும்.

சிலர் இன்னும் ஒரு படி மேலே. "அதுக்குத்தான் மஜ்லிஸ் ஆள் இருக்காங்களே." இருக்கிறார்கள். நாம் வீசின லட்சுமியைச் சேற்றிலிருந்து எடுத்து லோரியில் வைப்பவர் ஒரு வங்காளதேசத் தொழிலாளி. துடைத்துத்தான் வைக்கிறார், அதையும் கண்ணால் பார்த்தோம்.

நம்ம கோயிலில் நால்வர் சன்னதி இருக்கிறது. அப்பர் தோளில் என்ன வைத்திருக்கிறார் என்று யாராவது பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தோமா? உழவாரம். புல் செதுக்குகிற கருவி. தள்ளாத வயசிலும் திருப்புகலூர் கோயில் முற்றத்தில் குனிந்து புல் செதுக்கினவர். (அவரே பக்கத்துக் குளத்தில் வீசினாரே என்று கமெண்ட் போட வேண்டாம். அவர் வீசினது பொன்னும் நவமணியும். உங்கள் வீட்டில் அது இருந்தால் தாராளமா கொண்டு வந்து வீசுங்க, நாங்கள் பொறுக்கிக் கொள்கிறோம்.) அந்த உழவாரத்துக்கு மாலை போட்டுக் கும்பிடுகிறோம், அடுத்த நாள் அந்த மாலையைத்தான் ஓடையில் போடுகிறோம்.

மனசில் கிடந்து உறுத்தும் ஒரு விஷயம். ஆற்றோர ரிசர்வ் நிலத்தில் இருக்கும் கோயிலை எடுக்கப் போகிறார்கள் என்று எங்காவது பேச்சு வந்தால், ஒரே ராத்திரியில் வாட்ஸ்அப் பறக்கும், ஆயிரம் பேர் திரளுவோம். திரள வேண்டியதுதான். போன ஞாயிறு அந்த ஆற்றோரத்தைச் சுத்தம் செய்ய வந்தது 11 பேர். அதில் மூன்று பேர் அறுபதைத் தாண்டின அக்காமார். அன்னதான வரிசையில் அன்று எத்தனை பேர் நின்றார்கள் என்று சாப்பிட்டவர்களுக்கே தெரியும்.

நிர்வாகத்திடம் பேசிவிட்டோம். வரும் வெள்ளியிலிருந்து தேர் கொட்டகை பக்கத்தில் மூன்று டிரம் இருக்கும். ஒன்றில் பூ, வெற்றிலை, பழம் மட்டும். நூலையும் ஜிகினாவையும் உருவிட்டுப் போடுங்க, அது நந்தவனத்துக்கு உரமாகும். இன்னொன்றில் அகல், தேங்காய் மூடி. மூன்றாவதில் பழைய சாமி படம். கண்ணாடியையும் பிரேமையும் நாங்கள் கழற்றிக் கொள்கிறோம், காகிதத்தை ஐயரிடம் கேட்டு முறைப்படி மண்ணில் சேர்த்துவிடுகிறோம். அஸ்தி கரைக்க வருகிறவர்களிடம் துக்க நேரத்தில் சட்டம் பேச மாட்டோம். அஸ்தியைத் தண்ணியில் விட்டுவிட்டுப் பையையும் துணியையும் எங்கள் கையில் கொடுங்க, அது போதும்.

அடுத்த கோத்தோங் ரோயோங் மாதத்தின் முதல் ஞாயிறு, காலை 7 மணி. வைபி வரமாட்டார், பேனர் கிடையாது, டீ சட்டையும் கிடையாது. தடிமனான கையுறை நாங்கள் தருகிறோம். எலிக்காய்ச்சல் பயம் இருப்பதால் ரப்பர் பூட்ஸ் கட்டாயம், அதை நீங்களே கொண்டு வாங்க. செருப்போட வந்தால் கரையில் நின்று பை கட்டுகிற வேலைதான். பசியாற இட்லியும் சாம்பாரும் உண்டு. தட்டும் டம்ளரும் வீட்டிலிருந்து எடுத்து வந்துடுங்க, பொலிஸ்டரின் பெட்டியில் தரமாட்டோம்.