வந்தவர் எப்போது ஊரார் ஆகிறார்?

கொச்சி, பரவூர், சேந்தமங்கலம், மாளா ஆகிய ஊர்களில் பல நூற்றாண்டுகள் வாழ்ந்த யூத மக்களில் பெரும்பாலோர் 1950-களில் இஸ்ரேலுக்குப் போய்விட்டனர் என்பது நம்மில் பலரும் காதால் கேட்ட செய்திதான். கொங்கண் ரயில்பாதை இல்லாத காலம் அது. பம்பாய்க்கு ரயிலேறியவர்கள் நமது ஒலவக்கோடு ஸ்டேஷனைக் கடந்துதான் போயிருக்க வேண்டும். போன இடத்தில் அவர்கள் எப்படி வேரூன்றினர் என்பதைக் கேட்டறிவது, பிழைக்க வந்த குடும்பங்களாகிய நமக்கு மிகவும் அவசியம்.

1948-இல் இஸ்ரேல் அமைந்தபோது அங்கிருந்த யூதர் சுமார் ஆறரை லட்சம் பேர். 1951 முடிவதற்குள் ஏறக்குறைய ஏழு லட்சம் பேர் வந்திறங்கினர். வீட்டுக்காரரை விட விருந்தாளி அதிகம்! கூடாரத்திலும் தகரக் கொட்டகையிலுமாக, மழையிலும் சேற்றிலும் முகாம் வாழ்க்கை. மண்டபம் முகாமைக் கண்ட நம் இலங்கைச் சொந்தங்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

கொச்சி யூதர்களுக்கு மேலும் ஒரு தடை. யானைக்கால் நோயைக் கொண்டுவந்து விடுவார்களோ என்ற பயத்தில் அதிகாரிகள் அவர்களை அழைத்துக்கொள்ளத் தாமதித்தனர். ஒருவழியாக அழைத்து, 1954-இல் ஒரு பகுதியினரை நெகேவ் பாலைநிலத்து நெவாதிமில் குடியமர்த்தினர். காயலும் தென்னையும் கண்டு வளர்ந்தவர்களுக்குப் பாலைவன விவசாயம்! ஆனாலும் கையில் ஒரு சீட்டைக் கொடுத்து, 'போய்ப் பிழைத்துக்கொள்' என்று விடவில்லை. கூட்டுறவுக் கிராமமாக அமைத்து, வீடும் நிலமும் தண்ணீரும் தந்தனர். விவசாயம் சொல்லித்தர ஆள் இருந்தது. ஊர்க்காரர்கள் சிதறாமல் ஒன்றாக வாழ்ந்தனர். வந்தவர்களுக்கு ஹீப்ரு கற்பிக்கும் 'உல்பான்' வகுப்புகள் 1949-லேயே தொடங்கிவிட்டன. சேந்தமங்கலத்துக்காரர் எலியாஹு பெசலேல் அந்தப் பாலையில் பூ வளர்த்து வெளிநாடுகளுக்கு அனுப்பினார். 2006-இல் இந்திய அரசு அவருக்குப் பிரவாசி பாரதிய சம்மான் விருது அளித்தது.

எல்லாம் பாலும் தேனுமாக இருந்தது என்று நாம் சொல்லவரவில்லை. பாரபட்சம் தாளாமல் மொராக்கோ யூதர்கள் 1959-இல் ஹைஃபா நகரில் கலகம் செய்தனர். அது மட்டுமா? அதே மண்ணிலிருந்து 1948-இல் ஏழு லட்சம் பாலஸ்தீன மக்கள் வீடுவாசல் இழந்து அகதிகளாயினர். ஒருவன் குடியேற இன்னொருவன் குடிபெயர்வதை நமது சங்கம் ஒருநாளும் ஒப்பாது.

நாம் கவனிக்க வேண்டியது அங்கே 1950 ஜூலையில் இயற்றிய சட்டம் ஒன்றை. எந்த யூதரும் வந்து குடியேறலாம், தாத்தா எப்போது வந்தார் என்று யாரும் கேட்கமாட்டார்கள். அடுத்த மாதமே, 1950 ஆகஸ்ட் 10-இல், நம் நாட்டில் பட்டியல் சாதி ஆணை வந்தது. அந்தத் தேதிக்கு முன்பே குடும்பம் இந்த மாநிலத்தில் இருந்ததா என்பதற்குத் தேயிலைத் தோட்டத் தொழிலாளியின் பேரப்பிள்ளை இன்றும் ஆதாரம் தேடுகிறான். 2021-இல் தேவிகுளத்தில் வென்ற ஏ. ராஜாவின் தேர்தல் வழக்கிலும் இந்தக் கேள்வி எழுந்தது. 2023-இல் உயர் நீதிமன்றம் தேர்தல் செல்லாது என்றது. 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் அதை மாற்றியது. எம்.எல்.ஏ.வுக்கே இந்தக் கதி என்றால், ஸ்காலர்ஷிப்புக்கு மனுப்போடும் லயத்துப் பிள்ளையின் கதி என்ன?

சாஸ்திரி - சிறிமாவோ ஒப்பந்தம் 1964-இல் 5,25,000 பேரை இந்தியாவுக்கு என்று எழுதிக்கொண்டது. அவர்களில் சிலருக்காகப் புனலூரில் அரசு ரப்பர் தோட்டக் கம்பெனி 1976-இல் உருவாயிற்று. வேலை கொடுத்தார்கள், நல்லதே. ஆனால் வேலையோடு கட்டிய லயம் வேலை முடிந்தால் போய்விடும். நெவாதிமில் கிடைத்தது அப்படிப்பட்ட வீடு அல்ல.

ஓய்வு பெறும் தொழிலாளிக்கு வீடும் மனையும் அரசிடம் கேட்டுக்கொண்டே இருப்போம். அதுவரை கொழிஞ்சாம்பாறை முதல் மூணாறு, பீருமேடு வரை உள்ள நம் கிளைகள் கைகட்டி நிற்க வேண்டியதில்லை. புதிதாக வரும் குடும்பத்தோடு ஒருவர் வில்லேஜ் ஆபீசுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் போகட்டும். ஞாயிறு மாலையில் பெரியவர்களுக்கு மலையாள எழுத்து சொல்லித்தரலாம். நம் பிள்ளைகளே போதும். பாட்டன் பாட்டியின் பழைய தோட்டச் சம்பளச் சீட்டு, பள்ளிச் சேர்க்கைப் பதிவு எது கிடைத்தாலும் நகலெடுத்துக் கிளைச் செயலாளரிடம் கொடுத்து வையுங்கள். கறையான் அரித்த பெட்டிகளை இந்த மாதமே திறந்து பாருங்கள்.