பதிப்பெண்ணும் பீங்கான் சூளையும்

நமது விருத்தாசலம் பீங்கான் நகரம். களிமண்ணும் பிற பொருள்களும் குறித்த அளவில் சேர்ந்தால்தான் பொம்மை விரிசலின்றிச் சூளையிலிருந்து வெளிவரும். அளவு பிசகினால் அத்தனை உழைப்பும் வீண்.

மென்பொருளும் அவ்வாறே. பிறர் எழுதிய நிரல் தொகுப்புகளை எடுத்துச் சேர்த்தே நாம் நிரல் எழுதுகிறோம். இறுதியாண்டுத் திட்டப்பணியில் அவற்றின் பதிப்பு எண்களைக் குறிக்காமல் விட்டேன். வீட்டில் ஓடிய நிரல், ஆய்வகக் கணினியில் புதிய பதிப்புகள் இறங்கியதால் தேர்வன்று ஓடவில்லை.

2022 ஜனவரியில் ‘கலர்ஸ்’ என்னும் தொகுப்பை எழுதியவரே அதன் புதிய பதிப்பில் முடிவில்லாச் சுழற்சியைப் புகுத்தினார். பழைய பதிப்பெண்ணை உறுதியாகக் குறித்திருந்தோர் தப்பினர்.

குறித்தாயிற்று என்று உறங்கிவிடலாமா? கூடாது. 2021 டிசம்பரில் ‘லாக்4ஜே’ தொகுப்பில் பெரும் பாதுகாப்புக் குறை வெளிப்பட்டது. திருத்திய பதிப்புக்கு மாறாதோர் ஆபத்திலேயே இருந்தனர்.

புது மண் வந்தால் முதலில் மாதிரி சுட்டுப் பார்ப்பதே முறை. அதுபோல் புதிய பதிப்பை நாம் சோதித்து, நாமே மாற்ற வேண்டும். அது தானாக மாறக் கூடாது. திட்டப்பணி அறிக்கையில் பதிப்பெண் பட்டியலையும் கட்டாயமாக்குமாறு ஆசிரியப் பெருமக்களை வேண்டுகிறேன்.