அற்ப விஷயம்

இங்கிலீஷ் பாஷையில் 'டிரிவியா' என்றொரு வார்த்தை உண்டு. பொருட்படுத்தத் தகாத அற்ப விஷயங்கள் என்பது அதன் அர்த்தம். நம் நாட்டுப் படித்தவர்களும், பொது ஜனங்களின் குறைகளைத் தட்டிக் கழிக்க இவ்வார்த்தையைத் தாராளமாய் உபயோகிக்கின்றனர். ஆனால் அது பிறந்த இடத்தை அவர்கள் விசாரித்ததாகத் தெரியவில்லை.

லத்தீனில் 'டிரி' என்றால் மூன்று. 'வியா' என்றால் வழி. மூன்று வழிகள் கூடுமிடம் 'டிரிவியம்'. அதாவது நமது முச்சந்தி. சந்தியில் உள்ளது எல்லோருக்கும் பொது. பொதுவானது மலிவு, மலிவானது அற்பம் என்று மேலோர் கருதவே, வார்த்தையின் மதிப்பும் தாழ்ந்தது. எனினும் இலக்கணம், தர்க்கம், சொல்வன்மை என்ற மூன்று கலைகளுக்கும் மத்திய கால ஐரோப்பியர் வைத்த பெயர் 'டிரிவியம்' என்பதே. கல்வியின் அஸ்திவாரத்துக்கும் அற்பத்துக்கும் ஒரே பெயர்!

எடமலைப்பட்டி புதூரின் ஒரு சந்தியில் நின்று, குழாய்த் தண்ணீர், சாக்கடை, தெருவிளக்கு என்று ஒருவர் பேசத் தொடங்கினால், "இவை அற்ப விஷயங்கள், தேசத்தின் பெரும் பிரச்னைகளைப் பேசுங்கள்" என்று உபதேசிக்கும் பிரமுகர்கள் உண்டு. புதூர் அடங்கிய அதே திருச்சி நகரின் சரித்திரத்தை அவர்களுக்கு ஞாபகப்படுத்த விரும்புகிறோம்.

1930 ஏப்ரல் 13ஆம் தேதி ராஜாஜி சுமார் 100 தொண்டர்களுடன் திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்குக் கால்நடையாகப் புறப்பட்டார். எதன் பொருட்டு? ஒரு பிடி உப்பின் பொருட்டு! உப்பினும் மலிவான வஸ்து எது? ஆயினும் ஏழையின் கஞ்சிக் கலயம் வரை சென்று வரி பிடுங்கிய சர்க்காரின் அநீதி முழுதும் அந்த உப்பில்தான் விளங்கிற்று. வழியில் தொண்டர்களுக்கு உணவளிப்போர் ஆறு மாதம் சிறை செல்ல நேரும் என்று தஞ்சைக் கலெக்டர் தார்ன் எச்சரித்தார். சோற்றுக் கவளத்துக்கும் ஒரு சாம்ராஜ்யம் அஞ்சிற்று! ஏப்ரல் 30ஆம் தேதி வேதாரண்யத்தில் உப்பு எடுத்த ராஜாஜி கைது செய்யப்பட்டார். அற்பமென்று ஒருவரும் நகைக்கவில்லை.

அந்நிய ஆட்சி 1947இல் அகன்றது. ஆனால் ஜனங்களின் அன்றாடத் தேவையை அற்பமென்று ஒதுக்கும் அந்நிய மனோபாவம் இன்னும் அகலவில்லை. எது சிறிது, எது பெரிது என்று தீர்மானிக்கும் அதிகாரம் மாளிகையில் இருப்போருக்கு மட்டும் உரியதன்று. குடம் சுமந்து சந்தியில் நிற்பவளுக்கு அவ்வதிகாரம் முதலில் உண்டு. நமது தேசத் தொண்டர்கள் முச்சந்திக்குச் சென்று அவள் சொல்வதைக் கேட்பார்களாக. அற்ப விஷயங்களை அலட்சியம் செய்யும் சுயராஜ்யம், அற்ப சுயராஜ்யமாகவே முடியும்.